உழைப்பாளருக்கு உருக்கொடுத்த சிற்பி

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி)

முன்னுரை

சென்னை மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையை நம்மில் பலர் நேரில் பார்த்திருப்போம். நேரில் பார்க்காதவர்களும் படத்தில் பார்த்திருப்பார்கள். மே மாதம் முதல் நாள் வந்துவிட்டால் நம் திருப்பூரில் சுவரொட்டிகளிலும் தட்டிகளிலும் அந்த நான்கு மனிதர்கள் பாறையை நகர்த்திக்கொண்டு நிற்பார்கள். நானும் சின்ன வயதிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் அந்தச் சிலையை ஒருவர் செய்திருப்பார், அவருக்கு ஒரு பெயரும் ஒரு வாழ்க்கையும் இருந்திருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

சென்ற ஆண்டு எங்கள் துறை மாணவிகளைச் சென்னைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். மாலையில் கடற்கரைக்குப் போனோம். மற்றவர்கள் அலையைப் பார்க்க ஓடினார்கள். நான் சிலையின் கீழே நின்று அந்த மனிதர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் உண்டு. செமஸ்டர் விடுமுறையில் நான் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போவது வழக்கம். தைத்து விழுகிற துணியை எடுத்து மடித்துக் கொடுத்துக்கொண்டு காலை எட்டரை மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை நிற்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகிவிடும். அதே இறுக்கம் அந்த வெண்கலக் கால்களில் இருந்தது. இதைச் செய்தவருக்கு உடல் வலி எங்கே போய்ச் சேரும் என்பது தெரிந்திருக்கிறது என்று அப்போது தோன்றியது.

ஊர் திரும்பியதும் கைப்பேசியில் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மா இருபது ஆண்டுகளாகச் செக்கிங் வேலை பார்ப்பவர். எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்துக் குறை எங்கே என்று தேடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். இதைச் செய்தவர் நம்மைப் போல வேலைக்குப் போனவரா என்பது ஒன்று. அந்த நான்கு பேருக்கும் பெயர் இல்லையா என்பது இரண்டு. பெண்கள் யாரையும் காணோமே, அவர்கள் பாறை தள்ளவில்லையா என்பது மூன்று.

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததைத் தொகுத்து, அந்தச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் ரங்பூர் மாவட்டத்தில் தாஜ்ஹாட் என்னும் ஊரில் பிறந்தார். அன்று வங்காள மாகாணத்தில் இருந்த அந்த ஊர் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. அவருடைய குடும்பம் ஜமீன்தார் குடும்பம். எனவே அம்மாவின் முதல் கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. அவர் கூலிக்குப் போய் வளர்ந்தவர் அல்லர். பள்ளிப் படிப்பைக்கூட வீட்டிலிருந்தே படித்தவர்.

இதைப் படித்தபோது எனக்குச் சிறிது ஏமாற்றமாகத்தான் இருந்தது. மேலே படிக்கப் படிக்க அந்த ஏமாற்றம் குறைந்தது. வசதியான வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அவர் உடலை வருத்தி வாழ்ந்தவர். மல்யுத்தம் பழகினார். வேட்டைக்குப் போனார். அதே கைகளால் புல்லாங்குழலும் வாசித்தார். வங்காள மொழியில் கதைகளும் எழுதினார். மல்யுத்தம் பழகியவருக்கு எந்தத் தசை எப்போது இறுகும், பாரம் எந்தக் காலில் இறங்கும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடற்கரையில் நான் பார்த்த கெண்டைக்கால்களின் இரகசியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இரு வழிக் கல்வி

அக்காலத்தில் வங்காளத்தில் ஓவியக் கலையில் ஒரு பெரிய விழிப்பு ஏற்பட்டிருந்தது. மேல்நாட்டு ஓவியத்தைப் பார்த்து வரைவது மட்டுமே கலை என்றிருந்த நிலையை மாற்றி, அஜந்தா ஓவியங்களிலிருந்தும் முகலாய, இராஜபுத்திர ஓவியங்களிலிருந்தும் நம் நாட்டுக்குரிய ஒரு வழியைக் காண வேண்டும் என்று சிலர் முயன்றனர். அவர்களுள் முதன்மையானவர் தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த அவனீந்திரநாத் தாகூர். அவருக்குத் துணை நின்றவர் ஈ.பி. ஹாவெல் என்ற ஆங்கிலேயர். இந்த ஹாவெல் கல்கத்தாவுக்குப் போவதற்கு முன்பு சென்னைக் கலைப் பள்ளியில் பணியாற்றியவர் என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

ராய் சௌத்ரி ஓவியத்தை அவனீந்திரநாத்திடம் கற்றார். சிற்பத்தை ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் கற்றார். மெல்லிய வண்ணமும் கோடும் கொண்ட வங்காள ஓவிய முறை ஒரு பக்கம். உயிருள்ள மனிதனை முன்னால் நிறுத்தி, எலும்பும் தசையும் தெரியக் களிமண்ணில் உருவாக்கும் மேல்நாட்டுச் சிற்ப முறை மறு பக்கம். இரண்டையும் அவர் கைவிடவில்லை. ஓவியத்தில் குருவின் வழியிலும் சென்றார், அதைத் தாண்டியும் சென்றார். சிற்பத்தில் பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் தாக்கம் அவரிடம் இருந்ததாகக் கலை அறிஞர்கள் கூறுவர். மேனி வழவழப்பாக இல்லாமல், களிமண்ணை அழுத்திய விரலின் வேகம் வெண்கலத்திலும் தெரியும்படி விடுவது அந்த முறை. உழைப்பாளர் சிலையை அருகில் நின்று பார்த்தால் இது நன்கு விளங்கும்.

முறை மேல்நாட்டுடையதாக இருந்தாலும் அதில் அவர் படைத்த மனிதர்கள் நம் நாட்டு மனிதர்கள். இதுவே அவருடைய தனித்தன்மை எனலாம்.

சென்னைக்கு வந்த சிற்பி

1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. நெடுங்காலம் அது தொழிற்பள்ளி போலவே நடந்தது. தச்சு, உலோக வேலை, நகை வேலை முதலியவை அங்கே கற்பிக்கப்பட்டன. அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழில் நம் நாட்டில் வேர்விட்டது அந்தப் பள்ளியில் 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் செய்த சோதனைகளால்தான் என்பது வேதியியல் மாணவியாகிய எனக்கு வியப்பூட்டிய செய்தி.

அந்தப் பள்ளிக்கு 1929-ஆம் ஆண்டு ராய் சௌத்ரி தலைவராக வந்தார். அதுவரை ஆங்கிலேயர் அமர்ந்திருந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். அப்போது அவருக்கு வயது முப்பது. மொழி புதிது, ஊர் புதிது. வந்தவர் 1957 வரை அங்கேயே இருந்தார். வாழ்நாளின் சிறந்த பகுதியை நம் மாநிலத்துக்குக் கொடுத்தார்.

அவர் வந்த காலத்துச் சென்னையையும் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று அந்நகரின் வீதிகளில் நின்ற சிலைகள் கவர்னர்களுக்கும் தளபதிகளுக்கும் மன்னர் குடும்பத்துக்கும் உரியவை. தீவுத் திடலில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ சிலை 1839 முதல் அங்கே இருக்கிறது. 1857 கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கிய நீல் என்ற தளபதிக்கும் மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை அகற்றக் கோரி 1927-ல் பெரிய போராட்டம் நடந்தது. பலர் சிறை சென்றனர். பத்தாண்டுகள் கழித்து 1937-ல் இராஜாஜி அமைச்சரவை வந்த பிறகே அது வீதியிலிருந்து அகன்று அருங்காட்சியகத்துக்குப் போனது. யாருக்குச் சிலை வைப்பது என்பது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல, நீதிப் பிரச்சினை என்பதைச் சென்னை மக்கள் அறிந்திருந்தார்கள். அந்த நகரத்தில்தான் பின்னாளில் பெயரில்லாத கூலிக்காரர்களுக்குச் சிலை எழுந்தது.

ஆசிரியராக அவர் பள்ளியின் போக்கையே மாற்றினார். கைத்தொழில்களுக்கு இருந்த முதன்மை குறைந்தது. ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மாணவர்கள் வெளியே சென்று மீனவர்களையும் சந்தை மக்களையும் பார்த்து வரைந்தார்கள். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால், பரிதோஷ் சென், பிரதோஷ் தாஸ் குப்தா முதலிய புகழ்பெற்ற கலைஞர்கள் அவரிடம் பயின்றவர்கள்.

இவர்களுள் பணிக்கர் நம் பக்கத்து ஊரான கோயம்புத்தூரில் 1911-ல் பிறந்தவர். குருவுக்குப் பின் 1957-ல் அதே கல்லூரிக்கு முதல்வரானார். 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார். அந்த நிலத்தை வாங்கப் பணம் எப்படி வந்தது தெரியுமா? ஓவியர்கள் துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுச் சேர்த்த பணம் அது. குரு கைத்தொழிலிலிருந்து கலையைப் பிரித்து உயர்த்தினார். மாணவர் கைத்தொழிலையே கலைக்குத் துணையாக மீண்டும் அழைத்தார். என் அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர். ஆகவே இந்த இடத்தில் எனக்கு மாணவரின் பக்கமே மனம் சாய்கிறது. குருவிடம் நான் காணும் ஒரு குறையாக இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நீதியின் பக்கம் நின்ற கலை

1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். தாழ்த்தப்பட்டவர் என்று கோயில் வாசலுக்கும் அப்பால் நிறுத்தப்பட்டிருந்த மக்கள் அதன்பின் உள்ளே சென்று வழிபட்டனர். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் நடக்கும் உரிமைக்காக 1924-ல் நடந்த போராட்டத்தில் தந்தை பெரியார் சிறை சென்ற வரலாற்றை நாம் அறிவோம். அந்த நெடிய போராட்டங்களின் பயனாகவே இப்பிரகடனம் வந்தது. இந்நிகழ்ச்சியை ராய் சௌத்ரி புடைப்புச் சிற்பமாக வடித்தார். அரசனின் பெருமையைச் சொல்ல எத்தனையோ சிற்பங்கள் உண்டு. பூட்டிய கதவு திறந்ததைச் சொல்லும் சிற்பம் அரிது.

1943-ல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். தன் பிறந்த மண்ணின் துயரம் சென்னையில் இருந்த சிற்பியைப் பாதிக்காமல் இருக்குமா? பசிக்குப் பலியானவர்களை அவர் சிற்பமாக்கினார். குளிரில் ஒடுங்கிய முதியவரையும் படைத்தார். ஒரு காலத்தில் மல்லர்களின் திரண்ட தோளைச் செய்து மகிழ்ந்த கை, இப்போது தோலும் எலும்புமான உடலையும் அதே அக்கறையோடு செய்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1937-ல் ஆங்கில அரசு அவருக்கு எம்.பி.ஈ. பட்டம் அளித்தது. அவர் அரசாங்க ஊழியர். கவர்னர்கள் போன்ற பெரிய மனிதர்களின் உருவங்களையும் செய்து கொடுத்தார். சிறை சென்ற தியாகி அல்லர். ஆனால் ஒரு மனிதர் எங்கே சம்பளம் வாங்கினார் என்பதை மட்டும் வைத்து அவரை அளந்துவிட முடியாது. அதற்கு அடுத்து வரும் செய்தியே சான்று.

பாட்னாவின் ஏழு குமரன்கள்

1942-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள். வெள்ளையனே வெளியேறு போராட்டம் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. பாட்னா தலைமைச் செயலகத்தின்மேல் தேசியக் கொடி ஏற்ற மாணவர்கள் திரண்டு சென்றனர். துப்பாக்கிச் சூடு நடந்தது. பள்ளி, கல்லூரி மாணவர்கள் எழுவர் உயிர் நீத்தனர்.

விடுதலைக்குப் பின் அந்த இடத்திலேயே அவர்களுக்கு நினைவுச் சின்னம் அமைக்க முடிவு செய்யப்பட்டது. அந்தப் பணி ராய் சௌத்ரியிடம் வந்தது. வெண்கல வார்ப்பு இத்தாலியில் நடந்தது. 1956-ல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார். ஏழு இளைஞர்கள், முன்னே ஒருவன் கையில் கொடி. குண்டடிபட்டுச் சிலர் சரிகிறார்கள். மற்றவர்கள் முன்னேறுகிறார்கள். சரிகின்ற உடலும் முன்னேறுகின்ற உடலும் ஒரே வரிசையில் நிற்பதுதான் அச்சிற்பத்தின் சிறப்பு.

திருப்பூரில் பிறந்த எவருக்கும் இதைப் படிக்கும்போது ஒரு பெயர் நினைவுக்கு வராமல் போகாது. சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து நம் ஊரில் வாழ்ந்த குமரன், 1932-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் ஊர்வலத்தில் தடியடிபட்டு விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. பாட்னாவில் ஏழு பேர், திருப்பூரில் ஒருவர். இடையில் பத்து ஆண்டுகள், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. மொழியும் வேறு. கொடி ஒன்றுதான். நம் குமரனைப் பற்றி ராய் சௌத்ரி அறிந்திருந்தாரோ என்னவோ, கொடி பிடித்த கையின் பிடி எப்படியிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

உழைப்பாளர் சிலை

இனி, நாம் எல்லோரும் அறிந்த சிலைக்கு வருவோம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1959-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், குடியரசு நாளை ஒட்டி மெரினாவில் அது நிறுவப்பட்டது. அதே ஆண்டில் அதே கடற்கரையில் அவர் செய்த காந்தியடிகள் சிலையும் திறக்கப்பட்டது. உழைப்பாளர் சிலையின் பிரதி ஒன்று டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்திலும் இருக்கிறது.

இடமும் பொருத்தமான இடம். 1923-ஆம் ஆண்டு மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினக் கூட்டம் நடத்தியது சென்னைக் கடற்கரையில்தான்.

நான்கு ஆண்கள். மேலாடை இல்லை. ஒரு பெரும் பாறையை நெம்பி நகர்த்துகிறார்கள். ஒருவர் முகமும் நம்மைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் வேலையில் இருக்கிறது. பாறை நகர்ந்துவிட்டதா இல்லையா என்பதைச் சிற்பி சொல்லவில்லை. நகரப் போகிற அந்த ஒரு கணத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

இத்தகைய சிலை உருவாகும் முறையையும் சொல்ல வேண்டும். முதலில் இரும்புக் கம்பிகளால் எலும்புக்கூடு போல் ஒரு சட்டம். அதன்மேல் களிமண்ணால் உருவம். களிமண் உருவத்திலிருந்து பாரீஸ் சாந்தில் அச்சு. அதிலிருந்து மெழுகுப் படிவம். மெழுகைச் சுற்றித் தீயைத் தாங்கும் மண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த கலவை. ஏறத்தாழ ஆயிரம் டிகிரி செல்சியசில் அது உருகியோடும். நம் சோழர் காலச் சிற்பிகளும் மெழுகு கட்டியே வார்த்தார்கள். அவர்கள் நடராசரைக் கெட்டியாக வார்த்தார்கள். இவ்வளவு பெரிய சிலைகளை உள்ளே கூடாக வார்ப்பார்கள்.

களிமண் பிசைபவர், கம்பி வளைப்பவர், அச்சு எடுப்பவர், உலை ஊதுபவர், ஆறிய உலோகத்தைத் தேய்ப்பவர் என்று எத்தனையோ கைகள் சேர்ந்தால்தான் ஒரு சிலை. நம் ஊரில் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று பத்துக் கை பட்டு ஒரு பனியன் வெளியே போவதைப் போலத்தான். பனியனில் கம்பெனியின் பெயர் இருக்கும். சிலையில் சிற்பியின் பெயர் இருக்கும். மற்றக் கைகளின் பெயர் எங்கும் இருக்காது.

அம்மாவின் இரண்டாம் கேள்வி இதுதான். அந்த நான்கு பேருக்கும் பெயர் இல்லை. சிற்பியின் முன் மாடலாக நின்றவர்கள் சாதாரண மனிதர்கள். அவர்களுக்குப் பெயர் இருந்தது. ஆனால் சிலைக்குப் பெயர் வைக்கப்படவில்லை. முதலில் இது எனக்கும் குறையாகப் பட்டது. பிறகு மெரினாவின் மற்றச் சிலைகளை நினைத்துப் பார்த்தேன். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அங்கே வரிசையாகச் சிலைகள் வைக்கப்பட்டன. வள்ளுவர், ஔவையார், கண்ணகி என்று எல்லாம் பெயருடையவை. அவற்றுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, பெயர் இல்லாத நான்கு பேர் அங்கே வந்து நின்றுவிட்டார்கள். பெயர் இருந்திருந்தால் அது அந்த நான்கு பேருக்கு மட்டும் உரிய சிலையாக இருந்திருக்கும். பெயர் இல்லாததால்தான் நம் ஊர்ச் சுவரொட்டியிலும் வந்து நிற்க முடிகிறது. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்களில் ஒரு வேளைச் சோற்றோடு இருந்ததை என் அப்புச்சி இன்றும் சொல்வார். அவர் பெயரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தச் சிலையில் அவருக்கும் ஓர் இடம் இருப்பதாகவே நான் எண்ணுகிறேன்.

இறுதிக் காலம்

1954-ல் மைய அரசு லலித் கலா அகாதெமியை நிறுவியபோது அதன் முதல் தலைவராக ராய் சௌத்ரி அமர்த்தப்பட்டார். 1958-ல் பத்மபூஷண் விருது பெற்றார். ஓய்வு பெற்ற பின்னும் களிமண்ணை விடவில்லை.

அவருடைய கடைசிப் பெரும்பணி காந்தியடிகளின் தண்டி யாத்திரை. காந்தியடிகள் கோலூன்றி முன்னே நடக்க, பத்துப் பேர் பின்னே வருகிறார்கள். மொத்தம் பதினொரு உருவங்கள். இதை முழுமையாகக் கண்ணாரக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், தம் எழுபத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து 1982-ல் அந்தச் சிலைத் தொகுதி டெல்லி சர்தார் பட்டேல் சாலையில் நிறுவப்பட்டது. டெல்லி மக்கள் அதைப் பதினொரு மூர்த்தி என்று அழைக்கிறார்கள்.

முடிவுரை

அம்மாவின் மூன்றாம் கேள்வி மிச்சமிருக்கிறது. உழைப்பாளர் சிலையில் பெண் ஏன் இல்லை? இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. பாறை தள்ளுவது ஆண்களின் வேலை என்று சொல்லிவிடலாம். ஆனால் சாலை போடும் இடத்தில் சல்லி சுமப்பவள் பெண். வயலில் நாற்று நடுபவள் பெண். நம் கம்பெனிகளில் காலையில் பேருந்திலிருந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் யார் அதிகம் என்று தெரியும். இருந்தும் உழைப்பு என்று சொன்னவுடன் நான்கு ஆண்களே சிற்பியின் கண்முன் வந்தார்கள். அது அவர் ஒருவருடைய குறை அன்று. பெண் செய்வதை உழைப்பு என்று எண்ணாத ஒரு காலத்தின் குறை. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நான் பிளஸ் டூ முடித்தபோது, பெண்ணுக்கு எதற்கு மேல்படிப்பு, கம்பெனிக்கு அனுப்பினால் வாரச் சம்பளம் வருமே என்று எங்கள் உறவினர் சிலர் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். அம்மா அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் கம்பெனியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு என்னை நம் கல்லூரிக்கு அழைத்து வந்து விண்ணப்பம் வாங்கினார்.

ஆனால் ராய் சௌத்ரியின் கதை அந்தக் குறையோடு முடியவில்லை என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி. 1930-ல் சபர்மதியிலிருந்து காந்தியடிகளோடு புறப்பட்ட அணியில் பெண்கள் ஒருவரும் இல்லை. எழுபதுக்கும் மேற்பட்ட அந்தத் தொண்டர்கள் எல்லோரும் ஆண்கள். ஆனால் சிற்பி தம் கடைசிப் படைப்பில் காந்தியடிகளுக்குப் பின்னால் பெண்களையும் நடக்க விட்டிருக்கிறார். வரலாற்றில் புறப்பாட்டின்போது இல்லாதவர்களைத் தம் கலையில் அவர் சேர்த்துக்கொண்டார். விடுதலைப் போராட்டம் முழுவதையும் பார்த்தவருக்கு, பெண்களை விட்டுவிட்டு அந்த ஊர்வலத்தைச் செய்ய மனம் வரவில்லை போலும். மெரினாவில் விடுபட்டதை டெல்லியில் நிரப்பினார் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். டெல்லி எங்கே, நாம் எங்கே என்றுதான் முதலில் நினைத்தார். அப்போது இன்னொரு செய்தியையும் சொன்னேன். 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்ததும் அந்தத் தண்டி யாத்திரைக் காட்சிதான். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் சனிக்கிழமைதோறும் சம்பளக் கவரைப் பிரித்து அந்தத் தாளை எண்ணியவர் அவர். அதில் ஒரு தாளைக் கடன்காரருக்கும் ஒரு தாளை என் பள்ளிக்கும் என்று பிரித்து வைத்தவர். அந்தச் சிற்பியின் மனிதர்கள் வாரந்தோறும் தம் கையில் இருந்ததை அவர் அறியவில்லை. துணியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிப்பவர், இதைத் திருப்பிப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று சிரித்தார்.

மாணவத் தோழிகளே! அடுத்த முறை சென்னைக்குச் சென்றால் உழைப்பாளர் சிலையின்முன் சிறிது நேரம் நில்லுங்கள். தொலைவில் நின்று முழுச் சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அருகில் சென்று அந்தக் கால்களைப் பாருங்கள். அவை உங்கள் வீட்டிலும் யாருக்கோ உள்ள கால்கள் என்பது விளங்கும்.